குருவி காட்டிய வழி

சென்ற மார்கழி விடுமுறையில் ஒருநாட் காலை, என் மகளும் மருமகனும் தம் பிள்ளைகள் இருவரோடும் பண்ணைக் கடலோரம் உலாவப் புறப்பட்டபோது என்னையும் உடனழைத்துச் சென்றனர். பேரனுக்கு எட்டு வயது, பேர்த்திக்கு ஆறு. மாரி ஓய்ந்து வானம் வெளுத்திருந்தது. மண்டைதீவுக்குச் செல்லும் வீதியின் இருமருங்கும் கடனீரேரி கண்ணாடிபோற் கிடந்தது. ஆழமில்லா நீரிலே நாரைகள் வரிசையாக நின்றன. சற்றுத் தொலைவில் நெட்டைக் கால்களையுடைய சிறு பறவைகள் சில, அளந்து அடி வைப்பனபோல நடந்து இரை தேடின.

தமிழ் படித்தவனுக்கு நாரையைக் கண்டால் வாய் சும்மா இராது. சத்திமுற்றப் புலவர் வறுமையுற்ற காலத்து நாரையை நோக்கிப் பாடிய வரலாற்றையும், அதன் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு அவர் ஒப்பிட்ட நயத்தையும் பிள்ளைகளுக்கு எடுத்துக் கூறினேன். பனங்கிழங்கு அவர்கள் நாடோறும் காணும் பண்டம் ஆதலின் கதையைச் சுவைத்தே கேட்டனர். கேட்டு முடிந்ததும் பேர்த்தி நாரையை நெடுநேரம் உற்று நோக்கினாள். புலவர் கண்ட நாரையின் வாய் சிவப்பென்றால், இங்கே நிற்கும் நாரையின் வாய் மஞ்சளாக இருப்பது ஏன், இது அதுதானா அன்றி வேறொன்றா என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அதற்குள் பேரன் அந்த நெட்டைக்காற் பறவையைக் காட்டி, அம்மப்பா, அதன் பெயர் என்ன என்றான். குருகு என்றேன். வேறொன்றைக் காட்டினான். அதுவும் குருகுதான் என்றேன். மூன்றாவதைக் காட்ட உயர்த்திய கையை அவன் மெல்லத் தாழ்த்திக்கொண்டான். அதன்பின் அவன் ஒன்றும் கேட்கவில்லை.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அன்றிலையும் மகன்றிலையும், குருகையும் நாரையையும் வகுப்பறையிலே பொருள் சொல்லி உரை விரித்து வந்திருக்கின்றேன். ஆயினும் கண்ணெதிரே நின்ற பறவையின் பெயர் எனக்குத் தெரியவில்லை. அதனினும் மேலாக என்னை வருத்தியது, கேள்வி கேட்ட குழந்தை கேள்வியை விட்டுவிட்ட அந்தக் கணம். அத்தகைய கணம் ஒன்றை இதற்கு முன்னும் ஒருமுறை நான் கண்டதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன். அன்றிரவு உறக்கம் வராத நிலையில், ஒரு சிறுவனின் கேள்விக்கு விடை தெரியாத பெரியவர் ஒருவர் செய்ததொரு செயலால் ஒரு நாட்டின் பறவையியலே வளம் பெற்ற வரலாறு என் நினைவுக்கு வந்தது. அவ்வரலாறே இக்கட்டுரைக்குப் பொருள்.

பறவை மனிதர் என்று பாரதநாடு போற்றிய சலீம் அலி 1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பம்பாயிலே பிறந்தார். சுலைமானி போரா என்னும் இசுலாமியப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தின் கடைக்குட்டிப் பிள்ளை அவர். ஒரு வயதில் தந்தையை இழந்தார். மூன்று வயதில் தாயையும் இழந்தார். ஆதரவற்று நின்ற பிள்ளைகளைத் தாய்மாமனாராகிய அமீருத்தீன் தையாப்ஜியும், மகப்பேறில்லாத அவர் மனைவியார் ஹமீதா பேகமும் பம்பாயின் கேத்வாடிப் பகுதியிலிருந்த தம் இல்லத்தில் ஏற்று வளர்த்தனர். காந்தியடிகளின் உப்புப் போரில் முன்னின்று சிறை புகுந்த அப்பாஸ் தையாப்ஜியும் இவருக்கு மாமன்முறையினரே. பெற்றோரில்லாப் பிள்ளையாயினும், அன்பில்லாப் பிள்ளையாக அவர் வளரவில்லை.

அக்காலத்திலே செம்பூர் என்பது பம்பாய் நகருக்குப் புறம்பான மரஞ்செறிந்த ஊர். இன்று அது மாநகரின் நெருக்கத்துள் அடங்கிவிட்டது. விடுமுறை வந்தால் அப்பெருங் குடும்பம் முழுதும் அங்கே சென்று தங்குவது வழக்கம். சிறுவரும் சிறுமியருமாக ஒரு கூட்டம் தோப்புக்களிலே திரியும். வைகறையிலே குண்டுக்கரிச்சான் கூவும் இன்னிசை அக்குழந்தைகளின் துயிலெழுப்பும் பாட்டாக அமைந்தது. முதுமையிலும் அக்குரலைக் கேட்குந்தோறும் அவருடைய உள்ளம் செம்பூருக்கே சென்றது என்பர். பறவையை அவருக்கு முதலில் அறிமுகஞ் செய்தது பள்ளிக்கூடமன்று. குடும்பத்தோடு கழித்த விடுமுறை நாளே என்பதை இங்கே கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, சைவ மரபிலே வந்த என் போன்றோர் சற்றுத் தயங்கும் பகுதி ஒன்று உண்டு. மாமனார் அமீருத்தீன் வேட்டையில் விருப்புடையவர். அவ்வீட்டுச் சிறுவர்க்கு வேட்டையே விளையாட்டு. சலீமுக்கும் காற்றுத் துப்பாக்கி ஒன்றை மாமனார் வாங்கிக் கொடுத்தார். வீட்டைச் சூழ்ந்த சிட்டுக்குருவிகளே அதற்கு இலக்கு. பத்து வயதளவில் அச்சிறுவன் குறித்துவைத்த குறிப்பொன்று இன்றும் பேசப்படுகின்றது. பொந்திலே பெட்டை அடைகாக்க, வெளியே ஆண்குருவி காவல் இருந்தது. சிறுவன் மறைந்திருந்து அதனைச் சுட்டான். சிறிது பொழுதுள் மற்றோர் ஆண்குருவி வந்து அவ்விடத்தில் அமர்ந்தது. அதனையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாளில் எட்டு ஆண்குருவிகள் விழுந்தன. ஒவ்வொரு முறையும் பெட்டைக்குப் புதிய துணை வந்து சேர்ந்தது. செயலோ கொடிது. ஆனால் எண்ணிப் பார்த்து எழுதிவைத்த அந்தக் கண், வேட்டைக்காரனின் கண் அன்று, ஆராய்ச்சியாளனின் கண். அச்சிறு குறிப்பு ஏறக்குறைய 60 ஆண்டுகளின் பின் பறவை நோக்குவோர்க்கான இதழொன்றிலே அச்சேறியது.

அக்காலத்திலேதான் அவர் வாழ்வைத் திருப்பிய நிகழ்ச்சி நடந்தது. ஒருநாள் சுட்டு வீழ்த்திய குருவியைக் கையிலெடுத்தபோது, அதன் கழுத்திலே மஞ்சள் நிறத் திட்டொன்று தோன்றியது. வழக்கமான சிட்டுக்கு அது இல்லை. இது என்ன பறவை, உண்ணத் தகுமா தகாதா என்ற ஐயத்தோடு சிறுவன் மாமனாரிடம் ஓடினான். மாமனாருக்கும் தெரியவில்லை. தெரியாத நிலையில் பெரியவர்கள் செய்யும் செயல்கள் பல உள. ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். போய்ப் பாடத்தைப் படி என்று துரத்தலாம். அமீருத்தீன் அவ்வாறெல்லாம் செய்யவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்திலே தாம் உறுப்பினராக இருந்தமையால், அச்சங்கத்தின் கௌரவச் செயலாளராகிய மில்லார்ட் என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிச் சிறுவன் கையிலே கொடுத்து அனுப்பினார்.

அந்நிய ஆட்சி நிகழ்ந்த காலம் அது. வெள்ளைக்காரத் துரையின் வாயிலிலே, இறந்த குருவி ஒன்றைக் காகிதத்திற் சுற்றிக்கொண்டு நடுங்கி நின்ற இந்தியச் சிறுவனை எண்ணிப் பாருங்கள். மில்லார்ட் சிறுவனை அன்போடு வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்னும் வேறினம் என்று கூறியதோடு அமையாது, எழுந்து சென்று, சங்கத்தின் பேழைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பாடஞ்செய்து வைத்த பறவைகளைக் காட்டினார். படிக்க நூல்களும் கொடுத்தார். பறவையின் தோலை உரித்துப் பாடஞ்செய்யும் முறையையும், எந்நாளில் எவ்விடத்தில் கிடைத்தது என்று குறித்துவைக்கும் ஒழுங்கையும் பயில்வதற்கு வழி செய்தார். வாழ்நாளின் இறுதிக் காலத்திலே 1985ஆம் ஆண்டு தம் வரலாற்றை நூலாக எழுதியபோது, ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி என்று பொருள்படும் பெயரையே சலீம் அலி அதற்கு இட்டார். குருவி வீழ்ந்தது, அதனாலே ஒரு மனிதர் எழுந்தார்.

இவ்விடத்தில், முன்னே சொல்லாது விட்டதைச் சொல்லியாக வேண்டும். 1994ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். நன்னூல் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையில், பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் வாழையிலைத் துண்டொன்றிலே எதையோ பொதிந்து கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். விரித்தேன். இறந்துகிடந்த சிறு பறவை ஒன்று. முதுகு பச்சை, தோளிலே நீலம், வயிற்றின் அடியிலே குருதிச் சிவப்பு, கண்ணினூடே கருங்கோடு, கட்டை வால். சேர், இது என்ன குருவி என்று கேட்டான். அவன் கெற்றப்போல் வைத்திருப்பவன் என்பது பள்ளிக்கூடம் அறிந்த செய்தி. உயிர்க்கொலை செய்த கையை நீட்டு என்றேன். தான் கொல்லவில்லை, கிணற்றடியிலே கிடந்தது என்று அவன் சொன்னதை நான் நம்பவில்லை. அடித்தேன். பறவையை வெளியே எறியச் சொன்னேன். அவன் அதனை எறியாமல் வேலியோரத்தில் மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு வந்து தன் இடத்தில் அமர்ந்தான். அதன்பின் என் வகுப்பில் அவன் எதனையும் கேட்டதில்லை. மறு ஆண்டு ஐப்பசி இறுதியில், 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வில், யாழ்ப்பாணமே வன்னியை நோக்கி நடந்தது. அம்மாணவனை நான் மீண்டும் காணவில்லை.

மில்லார்டின் வாயிலில் நின்ற சிறுவன் உண்மையிலே குருவியைக் கொன்றவன். என் வாயிலில் நின்றவன்மேல் நான் கொண்டதோ வெறும் ஐயம். இவ்விரண்டையும் ஒப்பிடுந்தோறும் என் நெஞ்சம் சுடுகின்றது. இனிச் சலீம் அலியின் வரலாற்றைத் தொடர்வோம்.

குருவி காட்டிய வழி நேர்வழியாக அமைந்ததென்று எண்ணுதல் வேண்டா. அவர் பள்ளியிலே சிறந்த மாணவரல்லர். தீராத தலைவலி வேறு அவரை வருத்தியது. அதனாற் சிந்து தேசத்திலிருந்த உறவினரிடம் சில காலம் அனுப்பப்பட்டார். 1913இல் ஒருவாறு மெட்ரிக்குலேஷன் தேறினார். 1914இல் தமையனாருடைய சுரங்கத் தொழிலுக்கும் மரத் தொழிலுக்கும் உதவியாகப் பர்மாவின் தவோய்ப் பகுதிக்குச் சென்றார். அங்கே கணக்கேட்டைக் காட்டிலும் காட்டையே மிகுதியாகப் படித்தார். 1917இல் திரும்பி, வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்கத் தொடங்கினார். அவருள்ளம் எங்கே இருக்கின்றது என்பதை உணர்ந்த பிளாட்டர் பாதிரியார், தூய சவேரியார் கல்லூரியிலே விலங்கியலும் பயிலத் தூண்டினார். 1918இல் தெஹ்மினா என்னும் நங்கையை மணந்தார். பர்மா வணிகம் பின்னர் நொடித்தது. பல்கலைக்கழகப் பட்டம் இன்மையால், விலங்கியல் ஆய்வுத் துறையிலே அவர் விரும்பிய பதவியும் கிடைக்கவில்லை. 1926இல் பம்பாய் நூதனசாலையின் இயற்கை வரலாற்றுப் பகுதியில், வருவோர்க்கு விளக்கங்கூறும் பணி கிடைத்தது. இரண்டாண்டின் பின் விடுப்புப் பெற்று ஜேர்மனி சென்று, பேர்லினிலே பேராசிரியர் ஸ்திரெசமானிடம் முறையாகப் பறவையியல் கற்றார். 1930இல் திரும்பிவந்து பார்த்தாற் பணமின்மையால் அப்பதவியே நீக்கப்பட்டிருந்தது.

கற்றது பயன்படாமற் போயிற்றே என்று வேறொருவராயின் கலங்கியிருப்பர். அவரும் தெஹ்மினாவும் பம்பாய்த் துறைமுகத்துக்கு அப்பாலுள்ள கிஹிம் என்னும் கடற்கரைச் சிற்றூரிலே சிறு வீடொன்றிற் குடியேறினர். வீட்டின் அருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டின. வேலையற்ற அந்த மாரிக்காலத்தை அவர் அக்குருவிகளைக் கவனிப்பதிலே கழித்தார்.

நம் பனைமரங்களிலே தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை அறியாதார் யார்? மழையில் நனைந்த குரங்குக்குப் புத்தி சொல்லிக் கூட்டை இழந்த கதையையும் நாம் பாலர் வகுப்பிலேயே கற்றோம். ஆனால் அக்கூட்டுக்குள்ளே நடக்கும் இல்லறத்தைச் சலீம் அலியே நுணுகி நோக்கி எழுதினார். கூடு கட்டுவது ஆண். கூட்டைப் பாதி அளவு முடைந்து, தலைகீழாகத் தொங்கும் தொப்பிபோல ஆக்கிவிட்டு அது நிறுத்திக்கொள்ளும். அவ்வேளையிலே பெட்டைகள் வந்து கூடுகளைச் சோதிக்கும். வீடு பார்க்க வந்த இல்லத்தரசிபோல உட்புகுந்து, இழுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டாற் பறந்துவிடும். பிடித்திருந்தாற் கூட்டை ஏற்றுக்கொள்ளும். அதன் பின்னரே ஆண்குருவி குழாய்போன்ற வாயிலை முடைந்து கூட்டை முடிக்கும். பெட்டை முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும், ஆண் அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கிவிடும். அதற்கு மற்றொரு பெட்டை வரும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகப் பல துணைகளைக் கொள்வது அக்குருவியின் இயல்பு என்பது அன்னாரின் நோக்கால் வெளிப்பட்டது. எல்லாரும் எந்நாளும் காணும் பறவை அது. கண்டவர் பலர்; இருந்து பார்த்தவர் ஒருவர்.

அதன்பின் அவருடைய வாழ்க்கை ஊர்தோறும் முகாமிட்ட வாழ்க்கையாயிற்று. ஐதராபாத்து, கொச்சி, திருவிதாங்கூர், குவாலியர், இந்தூர், போபால் முதலிய சுதேச அரசுகளின் ஆதரவிலே அவ்வந்நாட்டுப் பறவைகளைக் கணக்கெடுத்தார். வசதியிற் பிறந்து வளர்ந்த தெஹ்மினா, கூடாரத்தையே இல்லமாகக் கொண்டு காட்டிலும் மேட்டிலும் கணவரோடு திரிந்தார். சிறு சத்திர சிகிச்சை ஒன்றைத் தொடர்ந்து 1939இல் அவ்வம்மையார் காலமானார். பிள்ளைகள் இல்லை. சலீம் அலி மறுமணம் செய்யவில்லை. தமக்கையின் இல்லத்திலே தங்கித் தம் பணியிலே மூழ்கினார்.

1941இல் இந்தியப் பறவைகளைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. வண்ணப் படங்களோடு, எளிய நடையிலே, கற்றோரும் மற்றோரும் கையிற்கொண்டு தோட்டத்துக்குச் செல்லுமாறு அமைந்த நூல் அது. நேரு தம் மகள் இந்திராவுக்கு அதனைப் பரிசாக அளித்தார் என்பர். பறவை நோக்கும் பழக்கம் அவ்வம்மையாரைப் பின்னாளிலும் விட்டு நீங்கவில்லை. 1968 முதல் 1974 வரை, அமெரிக்கப் பேரறிஞர் டில்லன் ரிப்ளியோடு இணைந்து பத்துத் தொகுதிகளாகப் பறவைக் கையேட்டை வெளியிட்டார். இந்தியாவும் பாகிஸ்தானும் மட்டுமன்றி நேபாளம், சிக்கிம், பூட்டான் ஆகியவற்றோடு நம் இலங்கையின் பறவைகளும் அக்கையேட்டிலே இடம்பெற்றன.

நமக்கு மேலும் நெருங்கிய தொடர்பொன்று உண்டு. பாக்கு நீரிணைக்கு அப்பால், நம் வடகரையை நோக்கி நிற்பது கோடிக்கரை. வலசை வரும் பறவைகள் திரளும் அவ்விடத்தின் அருமையை உணர்ந்து, பம்பாய்ச் சங்கத்தார் அங்கே பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிட்டு விடுத்து, அவற்றின் போக்குவரவை ஆராய்ந்தனர். அவ்வேலைக்கு ஊக்கமாக நின்றவர் சலீம் அலி. 1967இல் கோடிக்கரை சரணாலயமாயிற்று. பரத்பூர்ச் சதுப்பு நிலமும், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கும் அழியாது நிலைத்தமைக்கும் அவர் குரல் துணைசெய்தது. 1976இல் உலகப் புகழ்பெற்ற கெட்டிப் பரிசின் 50,000 டொலர் கிடைத்தபோது அதனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது, குருவியோடு தாம் நின்ற அதே சங்கத்தின் இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கு அளித்தார். 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் இராச்சிய சபை உறுப்புரிமை எனச் சிறப்புக்கள் வந்தன. 1987ஆம் ஆண்டு யூன் 20ஆம் நாள் தம் 90ஆவது வயதில் மறைந்தார். 1990இல் கோயம்புத்தூரிலே நிறுவப்பட்ட பறவையியல் ஆய்வு நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

தமக்கென ஒரு பிள்ளை இல்லாத அம்மனிதர் எழுதிய நூலைக் கையிலேந்தி, எத்தனையோ தந்தையரும் தாயரும் தம் பிள்ளைகளைக் குளக்கரைக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் சென்றனர், இன்றும் செல்கின்றனர். தை பிறந்ததும் யானும் அவ்வாறே சென்றேன். இம்முறை படங்கள் உள்ள பறவை நூலொன்று என் கையில் இருந்தது. நாங்கள் கண்ட நாரை மஞ்சள் மூக்கு நாரை. புலவர் பாடியதோ சிவந்த அலகுடைய வேறினம். பேர்த்தியின் ஐயம் நியாயமானதே என்று அவளுக்குச் சொன்னேன். நெட்டைக்காற் பறவை நெடுங்கால் உள்ளான் என்பதையும் பேரனே படத்திற் கண்டுபிடித்தான். தெரியாதவற்றின் எதிரே தெரியாது என்று எழுதி, நாளையும் இடத்தையும் குறித்துவைக்க அவனுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கின்றேன்.

அந்நூலின் ஏடுகளைப் புரட்டியபோதுதான் மற்றொன்றையும் கண்டேன். முதுகு பச்சை, தோளிலே நீலம், அடிவயிற்றிலே சிவப்பு, கண்ணினூடே கருங்கோடு, கட்டை வால். ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஆறு மணியளவிலே குரல் கொடுப்பதால் அப்பெயர். மாரிக்கு முன், புரட்டாதி ஐப்பசியிலே, இந்தியாவிலிருந்து இரவிரவாகப் பறந்து கடல் கடந்து அது நம் நாட்டுக்கு வருகின்றது. வழிக்களைப்பால் வீடுகளுக்குள்ளும் முற்றங்களிலும் விழுந்து கிடப்பதும் சுவரில் மோதி இறப்பதும் உண்டு என்று அறிந்தேன். கெற்றப்போற் கல் பட வேண்டியதில்லை. கிணற்றடியிலே கிடந்தது என்று அம்மாணவன் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கும்.

முப்பது ஆண்டுகள் கழித்து அவன் கேள்விக்கு விடை எனக்குக் கிடைத்திருக்கின்றது. அவன் எந்நாட்டிலே, எவ்வூரிலே இருக்கின்றானோ அறியேன். இருந்து இதனைப் படிப்பானாயின், தம்பி, நீ கொண்டுவந்தது ஆறுமணிக்குருவி. நான் உன்னை அடித்தது பிழை. ஆசிரியர்களாகவும் பெற்றோராகவும் உள்ள ஏனையோர்க்கு யான் கூறக்கூடியது ஒன்றே: வாழையிலையிலே எதையேனும் பொதிந்துகொண்டு ஒரு பிள்ளை உங்கள் மேசையருகே வந்து நின்றால், முதலில் அதனை விரித்துப் பாருங்கள்.